பாதி பீப்பாய் மஞ்சள் தண்ணீர்

எங்கள் வீட்டு வரிசையில் தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்தால் அது மூச்சு விடும். முதலில் ஓர் இருமல், பிறகு நீளமாக ஓர் உறிஞ்சல். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், கன்றுக்குட்டி விரலைச் சப்புவது மாதிரி தோலை மெதுவாக உள்ளே இழுக்கும். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் நாங்கள் யாரும் பயந்ததில்லை. பயந்திருக்க வேண்டும். ஏனென்று சொல்லத் தெரியாமலே அந்தச் சத்தத்துக்குப் பயந்த ஒரே ஆள் கார்த்திகேசு அண்ணன். அவரையும் நாங்கள் கிண்டல் செய்தே வாயை அடைத்து வைத்திருந்தோம்.

செம்பாக்கா தோட்டம் நாலாம் டிவிஷன் என்று சொன்னால் பக்கத்து டவுன் பீடோரில் இன்றைக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். சனங்கள் ஈப்போவுக்கும் கமுந்திங் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரே வரிசையில் பத்தொன்பது வீடு. டவுன் தண்ணீர் எங்கள் மேட்டுத் தொட்டிக்கு ஏறி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மேட்டில் தொட்டி, அதற்குக் கீழே மாரியம்மன் கோயில், அதற்கும் கீழே எங்கள் வீடுகள். தொட்டியிலிருந்து ஒரே ஒரு குழாய், கோயிலைத் தாண்டி இறங்கி, வீடுகளுக்கு முன்னால் ஓடும் சாக்கடையைக் கடந்து வரிசைக்குள் நுழையும். சாக்கடையை நாங்கள் லோங்காங் என்போம். குழாய் அதைக் கடக்கும் இடத்தில் ஒரு மூட்டு விரிசல் விட்டிருந்தது. யாரோ ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிவிட்டிருந்தார்கள். சொட்டும்போது திட்டுவோம், சொட்டாதபோது மறந்துவிடுவோம்.

எங்களுக்கு இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. தண்ணீர் நின்றால் குழாயை மூடமாட்டோம். வரும்போது தெரியட்டும் என்று திறந்தபடியே போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம்.

கார்த்திகேசு அண்ணன் ஈப்போவில் பொது நீச்சல் குளம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் மருந்து போடும் வேலை பார்த்தவர். குளோரின் தூளை அள்ளி அள்ளிக் கண் எப்போதும் சிவந்திருக்கும். அவருடைய சட்டைகளில் வெளுத்த திட்டுகள் இல்லாத ஒன்றுகூடக் கிடையாது. மனைவி போனபின் வேலை ஓய்வோடு எங்களிடம் திரும்பி வந்தார். வந்த முதல் வாரமே தொட்டியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இறங்கி வந்து எங்கள் அத்தனை பேரையும் வாயில் வந்தபடி ஏசினார். இரண்டு எலியும் ஒரு பாம்புச் சட்டையும் கிடந்ததாம். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் தொட்டிக்கு மருந்து போடுவது அவர் பொறுப்பாயிற்று. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை.

மனிதருக்குச் சட்டம் அதிகம். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தூள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்று முதுகில் படும்படி நின்று கலக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் இருக்கும் பக்கமே தூளைக் கொண்டுபோகக்கூடாது. குளத்தில் ஒரு தடவை எவனோ இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, கிளம்பிய புகையில் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நூறு முறை சொல்லியிருப்பார். மருந்து போட்டு அரைமணி நேரம் யாரும் குடிக்கக்கூடாது. இதையெல்லாம் கேட்டு நான் அவருக்கு ‘வாத்தியார்’ என்று பேர் வைத்தேன். அவர் எனக்கு ‘ரேடியோ’ என்று வைத்தார். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்தான்.

அவர் சட்டைப் பையில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும், கூடவே ஒரு சொட்டு மருந்துப் புட்டி. குழலில் தண்ணீர் பிடித்து நாலு சொட்டு விடுவார். தண்ணீர் மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். மாறாவிட்டால் மருந்து இல்லை. அந்த மஞ்சளை அவர் நம்பிய மாதிரி வேறு எதையும் நம்பியதில்லை, மாரியம்மனைத் தவிர. பதினெட்டு வருஷம் விடாமல் தீ மிதித்த மனிதர்.

போன சித்திரைத் திருவிழாவில்தான் அது நடந்தது.

மஞ்சள் நீராட்டுக்காகக் கோயில் வாசலில் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை, எங்கள் பேச்சில் தோங்கு, வைத்திருந்தோம். மஞ்சள் தூளும் வேப்பிலையும் போட்டு முக்கால் பீப்பாய் கலக்கியாகிவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாம் கைவிட்டு அள்ளித் தெளித்துக்கொண்டார்கள், கால் கழுவாத பிள்ளைகள் சொம்பை முக்கினார்கள். மீதியை நிரப்பக் கோயில் குழாயில் ஹோஸை மாட்டி, முனையைப் பீப்பாய்க்குள் விட்டிருந்தேன். கரகம் எடுக்க ஆற்றுக்குப் போகிற நேரத்தில் தண்ணீர் நின்றுபோயிற்று. வந்தால் தானாக நிரம்பட்டும் என்று குழாயைத் திறந்தபடி, ஹோஸை உள்ளேயே போட்டுவிட்டு எல்லாரோடும் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது பீப்பாயில் பாதிக்குமேல் காணவில்லை. சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது. ஓட்டையில்லை, கவிழவில்லை, யாரும் அங்கே இருக்கவுமில்லை. வேப்பிலைகள் மட்டும் உள்சுவரில் வரிவரியாக ஒட்டியிருந்தன, உள்ளேயிருந்து யாரோ வாய் வைத்து இழுத்த மாதிரி.

மங்களம் அக்காவுக்குத்தான் எங்கள் கோயிலில் அருள் வரும். அவர் பீப்பாயை எட்டிப் பார்த்தார். உடம்பு ஒருமுறை குலுங்கியது. அருள் வரவில்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

“அம்மா குடிச்சிட்டா.”

அத்தனை சனமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். பிறகு ஹோஸை எடுத்துச் சுருட்டினேன். சுருட்டும்போது அதன் உள்ளிருந்து வழிந்து என் கை இரண்டும் மஞ்சளாயிற்று. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய்கள் இருமி, மூச்சு விட்டு, தண்ணீர் வந்தது. வரிசையில் முதல் வீடு தினேஸ்வரியுடையது, அடுத்தது என்னுடையது. அவள் புருஷன் ரூபன் தாப்பா பக்கம் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். ஏழு வருஷம் பிள்ளையில்லாமல், மாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பெண் குழந்தை யஷ்வினி. அப்போது எட்டு மாதம். குழந்தையைக் குளிப்பாட்ட வெள்ளை பேசினில் தண்ணீர் பிடித்த தினேஸ்வரி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீரில் இளமஞ்சள் ஓடியிருந்தது. வேப்பிலை வாசம் அடித்தது.

அரைமணி நேரத்தில் வரிசை முழுக்க அதே பேச்சு. பத்தொன்பது வீட்டிலும் மஞ்சள் தண்ணீர். குடித்த அம்மா வீட்டுக்கு வீடு வந்திருக்கிறாள் என்றார் மங்களம் அக்கா. இதைக் கொதிக்க வைக்கக்கூடாது, அம்மாவை அடுப்பில் ஏற்றுவதா, பச்சையாக ஒரு வாய் குடியுங்கள் என்றார். காலம் காலமாகக் கொதிக்க வைத்தே குடித்த சனம் நாங்கள். அன்றைக்கு மட்டும் மறந்தோம்.

தினேஸ்வரி ஆனாலும் கெட்டிக்காரி. குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னால் கார்த்திகேசு அண்ணனைக் கூப்பிட்டு, கொடுக்கலாமா என்று கேட்டாள். அவர் குழலில் தண்ணீர் பிடித்தார். நாலு சொட்டு விட்டார். விட்ட பிறகுதான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மஞ்சள்.

“மருந்து இருக்குலா. பயமில்ல, குடு,” என்றார்.

அவள் கரண்டியில் எடுத்துக் குழந்தையின் வாயில் விட்டாள். குழந்தை முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அன்றிலிருந்து தினம் காலை ஒரு கரண்டி.

அண்ணனுக்கு மட்டும் அந்த வேப்பிலை வாசம் உறுத்தியிருக்கிறது. தொட்டியில் வேப்பிலை ஏது? குழாய் முழுவதையும் ஒருமுறை கெட்டியாக மருந்துவிட்டு அலசிவிடலாம் என்று அன்று மத்தியானமே தூள் டின்னோடு கோயிலுக்கு வந்தார். மஞ்சள் நீராட்டுக்குக் கூட்டம் நின்றிருந்தது. கோயில் குழாயில் வாளியைப் பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்றை முதுகில் வாங்கி, ஒரு கரண்டித் தூளை வாளிக்குள் விட்டுக் கலக்கினார்.

வாளித் தண்ணீர் சிவந்தது.

கொஞ்சமாக இல்லை. ஆடு வெட்டிய இடத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரிச் சிவந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு ஓரத்திலிருந்து கரைந்து, வெளிறி, வாளி மஞ்சள்கூட இல்லாமல் வெள்ளையாயிற்று. சிவந்ததைவிட அது வெளுத்ததுதான் எனக்கு அதிகப் பயம். வந்து, பார்த்து, போன மாதிரி இருந்தது.

மங்களம் அக்கா, “போதும் கார்த்தி,” என்றார். “அம்மா மேலயா மருந்து ஊத்துற?”

இருபத்தாறு வருஷம் குளோரின் அள்ளிய மனிதர், வாளியைப் பார்த்தபடியே இரண்டடி பின்னால் போனார். டின்னை மூடினார். அந்த வாளியைத் தொட்டிக்கு எடுத்துப் போகவில்லை, கோயில் பின்னால் வெறும் மண்ணில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வரிசையில் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்தார்கள். திருவிழாச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டோம். புதன்கிழமை காலையில் தினேஸ்வரி சுவரைத் தட்டினாள். குழந்தைக்கு ராத்திரியெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்து, உச்சந்தலை பள்ளமாகி, அழக்கூடத் தெம்பில்லாமல் துணி மாதிரிக் கிடந்தது. ரூபனுக்குப் போன் போட்டோம். கார்த்திகேசு அண்ணன் தன் பழைய காரில் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைக்கும் என்றும் சொல்லவில்லை, பிழைக்காது என்றும் சொல்லவில்லை.

சுகாதார ஆட்கள் வந்து புட்டிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது.

வியாழக்கிழமை கார்த்திகேசு அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கையில் அந்தக் குழல். சொட்டு விட்டுவிட்டார், தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தது. மஞ்சளே இல்லை.

“குழாயில மருந்தே இல்ல சரளா,” என்றார். “ஞாயித்துக்கெழம நான் பாத்த மஞ்சள் என்னா மஞ்சள்?”

என்னிடம் பதில் இருந்தது. என் இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. ஹோஸைச் சுருட்டிய அந்த நிமிஷம் கண் முன்னால் வந்தது. ஆனால் ஹோஸிலிருந்து மஞ்சள் வழிந்ததற்கும், பத்தொன்பது வீட்டுக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் குழாயிலிருந்து ஹோஸுக்கு வரும், ஹோஸிலிருந்து குழாய்க்கு எங்கே போகும்? ஊருக்கெல்லாம் அலறும் ரேடியோ அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தெரியலண்ணே என்றேன்.

அன்று மத்தியானம் அவர் யாரிடமும் கேட்காமல் தொட்டிக்கு ஏறினார். மருந்து போட்டாராம். தொட்டித் தண்ணீரிலேயே கலக்கியிருக்கிறார், வாளி சிவக்கவில்லையாம். இறங்கி வந்து கோயில் வாசலில் நின்று வெகுநேரம் கும்பிட்டார். அம்மா போய்விட்டாள் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் பிள்ளையை இழந்தவர் குரல் மாதிரி இருந்தது. குடு என்று தான் சொன்னதால்தான் தினேஸ்வரி கொடுத்தாள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஈப்போவுக்குத் தினம் போய் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே போகத் துணிவில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் குழந்தை பிழைத்துக்கொண்டது என்று ரூபன் போன் செய்தான். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டுவந்தார்கள். வழக்கம்போல் அது தண்ணீர் இல்லாத நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஆரத்தி சுற்றாமல் வாசல் மிதிக்கவிடுவோமா? தாம்பாளத்தில் காலையில் குழாயில் பிடித்து வைத்திருந்த தவலைத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூளைப் போட்டு நான் விரலால் கலக்கினேன். மங்களம் அக்கா தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை ஒரு கிள்ளு எடுத்து அதில் வைத்தார்.

தாம்பாளம் சிவந்தது.

ஆயிரம் தடவை பார்த்த சிவப்பு. என் கல்யாணத்துக்குச் சிவந்தது, அவர் பிள்ளைகளின் கல்யாணத்துக்குச் சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும் என்று எங்கள் ஊரில் பாவாடை கட்டிய பிள்ளைக்குக்கூடத் தெரியும். மங்களம் அக்காவின் விரல் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் கார்த்திகேசு அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டோரம் தள்ளி நின்றவர், மெல்ல நடந்து வந்து தாம்பாளத்துக்குள் குனிந்தார்.

“இந்தத் தூளும் சுண்ணாம்பு மாரிதான்,” என்றார். “இத்தன வருஷம் அள்ளுனேன். எனக்கே தோணலியே. அப்ப அது மஞ்சத் தண்ணிதான். கோயில் தோங்குல இருந்த தண்ணி. அது எப்படிக் குழாய்க்குள்ள வந்துச்சி?”

குழந்தை வாசலில் காத்திருக்கிறதே என்று மங்களம் அக்கா ஆரத்தியைச் சுற்றி முடித்தார். பிறகு எப்போதும் செய்வது போல, வாசலுக்கு முன்னால் இருக்கும் லோங்காங்கில் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டினார்.

லோங்காங்கில் அசையாமல் தேங்கிய அழுக்குத் தண்ணீர். சிவப்பு அதில் வட்டமாகப் பரவிற்று. அப்போது கீழ் வீட்டில் யாரோ தண்ணீர் வந்துவிட்டதா என்று குழாயைத் திறந்திருக்க வேண்டும். தினேஸ்வரியின் அடுப்படிக் குழாய் இருமியது, பிறகு நீளமாக மூச்சு இழுத்தது. வெளியே, எங்கள் காலடியில், அந்தச் சிவப்பு நகர ஆரம்பித்தது. சாக்கடை ஓடும் பக்கம் போகவில்லை. மேட்டுப் பக்கம் வந்தது. நூல் மாதிரி மெலிந்து, நேராகப் போய், டியூப் சுற்றிய அந்த மூட்டுக்குள் நுழைந்தது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யாரோ டம்ளரின் அடியில் இருப்பதை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம். சிவப்பு முழுவதும் உள்ளே போகிறவரை அது நிற்கவில்லை. சிவப்புக்குப் பின்னால் கறுப்பும் போயிற்று.

சிவப்பு இருந்ததால் பார்த்தோம். கறுப்பு எத்தனை வருஷமாகப் போகிறதோ.

“குழாய மூடுங்க, எல்லாக் குழாயும்!” என்று கத்திக்கொண்டு கார்த்திகேசு அண்ணன் தொட்டி வால்வை அடைக்க மேட்டைப் பார்த்து ஓடினார். அறுபத்து நாலு வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ரூபன் கீழ் வீடுகளுக்கு ஓடினான். மங்களம் அக்கா வெறும் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லோங்காங் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தினேஸ்வரி குழந்தையோடு படியிலேயே நின்றாள். என் நாக்கு அப்போதுதான் அவிழ்ந்தது.

“தினேசு, அன்னைக்கி ஹோஸ தோங்குக்குள்ள வுட்டுட்டுப் போனது நாந்தான். குழாயையும் மூடல. சுருட்டும்போதே கை மஞ்சளாச்சி. அண்ணன் வந்து கேட்டாரு, தெரியலன்னு சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் டியூப் சுற்றிய மூட்டைப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே குழாய் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

“புள்ளையப் புடிங்கக்கா,” என்றாள். “குழாய மூடிட்டு வாரேன்.”

யஷ்வினி என் கைக்கு வந்தாள். எடையே இல்லை. ஊசி போட்ட கையில் இன்னும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்து, விரலை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள். மெதுவான, விடாத இழுப்பு. அந்த விரலில்தான் ஆரத்தி கலக்கியிருந்தேன். வெடுக்கென்று உருவிக்கொண்டேன். அவள் வீறிட்டு அழுதாள், உதட்டில் மஞ்சளோடு.